பில்லில் தேதி பிசகாமல் இருக்க

நம் கடைக் கம்ப்யூட்டரில் கடிகாரம் இரண்டு. ஒன்று மதர்போர்டில் உள்ளது; கரண்ட் இல்லாதபோதும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரியால் ஓடும். மற்றொன்று விண்டோஸ் நடத்துவது. காலையில் மெஷினைப் போட்டதும் முதல் கடிகாரத்தைப் பார்த்தே நேரம் வைத்துக்கொள்ளும்.

பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னே போய்விடக்கூடும். அந்தத் தேதியில் பில் போட்டால் அன்றைய விற்பனைக் கணக்கில் சேராது, ஜி.எஸ்.டி. கணக்கும் இடிக்கும். இணையதளங்களும் திறக்க மறுக்கும்.

தேதி அடிக்கடி பிசகினால் மெஷினை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டுப் பேட்டரியை மாற்றுவோம். பிறகு பயாஸில் தேதி, நேரத்தைத் திருத்தி, விண்டோஸில் இணைய நேரத்தைத் தானாக எடுக்கும்படி அமைப்போம். தினமும் முதல் பில்லுக்கு முன் தேதியைப் பார்ப்பது நம் வழக்கமாகட்டும்.