மலைமிதிவண்டியும் பட்டான்செரு மண்ணும்

நுழையும்முன்

மலைமிதிவண்டி என்றதும் பனி மூடிய சரிவுகள் நம் நினைவுக்கு வரலாம். பட்டான்செருவில் அத்தகைய மலை இல்லை. ஆயினும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே விலகினால் பாறை, சரளை, செம்மண், கரிசல் எனப் பலவகைத் தரைகள் எதிர்ப்படுகின்றன. இத்தரைகளில் ஓடுவதற்கென்றே தோன்றிய வண்டியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு, ஓட்டுவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு போட்டியின் பெயர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. 1970களில் அவ்வூரைச் சுற்றி வாழ்ந்த இளைஞர் சிலர், 1930களில் செய்யப்பட்ட கனத்த மிதிவண்டிகளை மலிவாக வாங்கினர். தடித்த டயர்கள் பூட்டிய அவ்வண்டிகளை மலைமேல் கொண்டுசென்று, மண்பாதையில் கீழ்நோக்கி ஓட்டி மகிழ்ந்தனர். 1976 அக்டோபரில் தமக்குள் ஒரு போட்டியையும் தொடங்கினர். பாதையின் நீளம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி; அதற்குள் இறங்கவேண்டிய உயரமோ ஏறத்தாழ 400 மீட்டர்.

அவ்வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் குடத்தினுள் இருக்கும் பிரேக் பிடிக்கும். இறக்கம் முழுவதும் பிடித்துக்கொண்டே வந்தமையால், குடத்தினுள் இருந்த மசகு சூடேறிப் புகைந்து போயிற்று. ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் குடத்தைப் பிரித்துப் புதிய மசகை நிரப்ப வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ‘மீண்டும் நிரப்புதல்’ எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே அப்போட்டிக்குப் பெயராயிற்று.

அவ்விளைஞருள் ஒருவரான ஜோ பிரீஸ், 1977இல் இவ்வகை ஓட்டத்திற்கென்றே புதிய சட்டகத்தை வடிவமைத்தார். 1981இல் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்ட மலைமிதிவண்டி விற்பனைக்கு வந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பதக்கத்துக்குரிய விளையாட்டாயிற்று. தொடக்ககால வண்டிகளில் அதிர்வைத் தாங்கும் சுருள்வில் கிடையாது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவற்றைச் செய்தோர் முதலில் கவலைப்பட்டவை பிரேக்கும், டயரும், சட்டகத்தின் உறுதியுமே.

கடையில் நிற்கும்போது

இன்று கடைக்குச் செல்லும் மாணவரின் கண் முதலில் தேடுவது சுருள்வில்லைத்தான். முன்னும் பின்னும் வில் பூட்டி, பளிச்சிடும் வண்ணம் பூசிய வண்டி வீரமாகத் தோன்றுகிறது. ஆனால் மலிவு விலையில் கிடைக்கும் இரட்டை வில் வண்டி 18 கிலோ அளவுக்கும் கனக்கலாம். போட்டியாளர் ஓட்டும் வண்டி பெரும்பாலும் 10 முதல் 12 கிலோவே இருக்கும். 40 கிலோ எடையுள்ள மாணவர் தம் எடையில் ஏறத்தாழப் பாதியை உந்திச் செல்வது எளிதன்று. மேலும், நாம் மிதிக்கும் விசையில் ஒரு பகுதியைத் தரமற்ற பின்வில் தானே விழுங்கி மேலும் கீழும் ஆடுகிறது. குறைந்த விலையில் வாங்குவோர் பின்வில்லைத் தவிர்ப்பதே அறிவுடைமை. முன்கவையில் மட்டும் வில் உள்ள வண்டி போதுமானது. நல்ல டயர் இருப்பின் அதுவும் இன்றியே பழகலாம்.

அளவு பொருந்துகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரு கால்களையும் தரையில் ஊன்றிச் சட்டகத்தின் மேல்குழாய்க்கு இருபுறமும் நிற்கையில், குழாய்க்கும் உடலுக்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளியேனும் இருத்தல் நலம். “அடுத்த ஆண்டு வளர்ந்துவிடுவான்” என்று பெரிய வண்டியை வாங்கித் தரும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சட்டைக்கு அது பொருந்தும். கல்லும் குழியும் நிறைந்த பாதையில் கால் தரையை எட்டாவிட்டால் விழுவது உறுதி. சக்கரம் பெரிதாக இருந்தால் கற்களின்மேல் எளிதில் உருண்டு செல்லும் என்பது உண்மையே. எனினும் ஐந்தடிக்குக் குறைந்த உயரமுள்ளோர்க்கு 29 அங்குலச் சக்கரத்தைவிட 24 அல்லது 26 அங்குலமே கைக்கு அடங்கும்.

சக்கர விளிம்பைக் கவ்வும் பிரேக், விளிம்பில் சேறு படிந்தால் வழுக்கும். வட்டத்தகட்டு பிரேக்கோ குடத்திற்கு அருகில் இருப்பதால் சேற்றிலிருந்து விலகி நிற்கிறது. மழைக்காலத்திலும் ஓட்ட விரும்புவோர் இதற்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவிடலாம்.

இரு மண் உள்ள ஊர்

பட்டான்செருவில் இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1972இல் அமைந்தது. சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றை ஆராயும் அந்நிறுவனத்தின் நிலத்தில் செம்மண்ணும் கரிசலும் அருகருகே உள்ளன. (அவ்வளாகம் ஆய்வுக்குரியது, வண்டி ஓட்டும் இடமன்று.) உழவர்க்கு முதன்மையான இவ்வேறுபாடு மிதிவண்டி ஓட்டுவோர்க்கும் முதன்மையானது.

செம்மண்ணில் மழைநீர் விரைவில் வடிந்துவிடும். சிறிது நேரத்தில் பாதை மீண்டும் உறுதியாகும். கரிசல் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். மழைக்குப் பின் அதில் இறங்கினால் மண் டயரில் அப்பி, சட்டகத்திற்கும் சக்கரத்திற்கும் இடையே அடைத்து, வண்டியை நகரவிடாது. அப்போது ஓட்டினால் ஏற்படும் சக்கரத்தடம், காய்ந்தபின் கல்லாய் இறுகி, நடப்போரின் காலை இடறும். ஆதலின் கரிசல் காயும்வரை காத்திருத்தல் வேண்டும். தெலுங்கு பேசும் நண்பர்கள் இம்மண்ணை ‘நல்ல ரேகடி’ என்பர். தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கறுப்பு. தமிழ்க் காதுக்கு அது நல்ல மண் என்றே ஒலிக்கும். பருத்திக்கு நல்லதுதான், மழைநாளில் மிதிவண்டிக்கு அல்ல.

டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும்? ஒரு சக்கரத்தின்மேல் 30 கிலோ எடை அழுத்துவதாகக் கொள்வோம். காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு எனில், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 7 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 30 ஆகக் குறைத்தால் பரப்பு 14 ஆகும். பரப்பு மிகுந்தால், பாறை மேட்டிலும் சரளையிலும் டயர் நன்றாகப் பற்றும். ஆயினும் மிகவும் குறைத்தால், கூரிய கல்லில் மோதும்போது உள்ளிருக்கும் டியூப் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கிக் கிழியும். டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள எல்லைக்குள், கீழ்ப்பகுதியில் தொடங்கிச் சோதித்தறிதல் வேண்டும்.

இப்பகுதியில் டயருக்குப் பெரும்பகை நெருஞ்சி முள்ளும் சீமைக் கருவேல முள்ளுமே. தெலுங்கில் ‘பல்லேரு’ எனப்படும் நெருஞ்சி, எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும் அமைப்புடையது. மாற்று டியூபும் சிறு பம்பும் இன்றி வெகுதூரம் செல்லலாகாது.

ஏற்றமும் இறக்கமும்

ஏற்றம் தொடங்குமுன்னரே கியரைக் குறைத்துவிட வேண்டும்; பாதி மேட்டில் மாற்றினால் சங்கிலி திணறும். இருக்கையின் முன்நுனிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி மிதித்தால் முன்சக்கரம் தூக்காது, பின்சக்கரமும் பிடிவிடாது.

இறக்கத்தில் இருக்கையிலிருந்து எழுந்து, இரு பெடல்களும் தரைக்கு இணையாக இருக்குமாறு நிற்க வேண்டும். முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்கட்டும். நம் உடலில் இயற்கை பூட்டிய வில்கள் அவை. உடல் சற்றுப் பின்வாங்கியிருக்க வேண்டும். கண், சக்கரத்தின் அடியில் உள்ள கல்லைப் பாராமல், செல்லவேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். கல்லையே பார்ப்பவர் பெரும்பாலும் அக்கல்லிலேயே மோதுகிறார்.

வேகத்தை வளைவுக்கு முன்பே குறைப்பது நலம். வண்டியை நிறுத்தும் ஆற்றல் முன்பிரேக்கில்தான் மிகுதி. ஆனால் உருளும் சரளையில், அதுவும் வளைவின் நடுவே, அதை இறுகப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும்; செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுநர் தலைக்குமேல் தூக்கி எறியப்படுவார். இரண்டையும் ஒவ்வொரு விரலால் மெல்ல மெல்லப் பிடித்துப் பழக வேண்டும். தலைக்கவசம் அணியாமல் இப்பயிற்சியைத் தொடங்கவே கூடாது. ஒற்றையடிப் பாதையில் மேலேறி வருவோர்க்கு இறங்குவோர் வழிவிடுவது மரபு. ஆடு மேய்ப்போர்க்கும் நடப்போர்க்கும் இருவரும் வழிவிட வேண்டும்.

போட்டிக்களம்

2023 அக்டோபரில் ஆசிய மலைமிதிவண்டிப் போட்டி, கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி மலையில் நடைபெற்றது. இவ்விளையாட்டில் இரு வகைகள் புகழ்பெற்றவை. கீழிறங்கு போட்டியில் ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடுவர். நாடுகடந்த ஓட்டம் எனப் பொருள்படும் ‘கிராஸ் கன்ட்ரி’யில் அனைவரும் ஒன்றாகப் புறப்பட்டு, ஏற்ற இறக்கம் நிறைந்த வட்டப்பாதையைப் பலமுறை சுற்றுவர். ஒலிம்பிக்கில் இடம்பெறுவது பின்னதே. அதில் முந்துவோர் பெரும்பாலும் ஏற்றத்தில்தான் முந்துகின்றனர். போட்டிக்கு முன் ஓட்டுநர்கள் கடினமான இடங்களில் வண்டியை விட்டிறங்கி, பாதையை நடந்து பார்த்து, கல்லையும் வேரையும் மனத்தில் பதித்துக்கொள்வர்.

பயிற்சி

1. ‘ரீபேக்’ என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. கரிசல் பாதையில் மழைக்குப் பின் ஓட்டலாகாது. இதனால் ஓட்டுபவருக்கும் பிறருக்கும் நேரும் தீங்குகள் யாவை?
3. ஒரு சக்கரத்தின்மேல் 20 கிலோ எடை. காற்றழுத்தம் 30 பவுண்டு. டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ எவ்வளவு?
4. உங்கள் வீட்டிலிருந்து அருகிலுள்ள ஏரி வரை நடந்து சென்று, வழியில் காணும் மண்வகைகளுக்கும் முட்செடிகளுக்கும் உரிய தமிழ்ப் பெயரையும் தெலுங்குப் பெயரையும் எழுதி வருக.