எந்தத் தண்ணீர் வருகிறது என்று முதலில் கேள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஐ.டி.ஐ. முடித்த கையோடு பென்னாகரம் பக்கம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். குழாய் வேலை பழகிவிட்டதாம், கீசர் என்றால் மட்டும் கை தயங்குகிறதாம். தயங்குவது நல்லதுதான். மின்சாரமும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சாமான் அது. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே மூடியைத் தொடு. அந்த வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் சுவிட்ச் இல்லையென்றால், கீசரைச் சரிசெய்வதற்கு முன்னால் அதைப் போடச் சொல்.

இருபது வருடத்துக்கு முன் நான் செய்த தவறு ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். பாலக்கோடு பக்கம் ஒரு வீடு. வெந்நீர் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். காயில் எரிந்திருந்தது, புதிதாகப் போட்டேன். நான்கு மாதத்தில் அதுவும் போனது. சரக்கு மட்டம் என்று நினைத்து, விலை கூடிய காயிலாக வாங்கி மாட்டினேன். அதுவும் நிற்கவில்லை. மூன்றாவது முறை போனபோதுதான் அடித்தட்டு முழுவதையும் கழற்றினேன். உள்ளிருந்து அரைப்படிக்குக் குறையாமல் வெள்ளைக் கல் கொட்டியது. காயிலைச் சுற்றி விரல் தடிமனுக்கு ஓடு கட்டியிருந்தது. அந்த வீட்டம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு காயிலுக்கு அவர் கொடுத்த பணம் மட்டும் இன்றைக்கும் என் மனதில் உறுத்துகிறது.

நம் மாவட்டத்தில் போர் தண்ணீர் பாறைக்குள் கிடந்து வருவது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதில் கரைந்திருக்கும். குளிர்ந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. சூடேறியதும் சுண்ணாம்பு பிரிந்து, எது அதிகச் சூடாக இருக்கிறதோ அதன்மேல் போய் ஒட்டும். கீசருக்குள் அப்படி இருப்பது காயில்தான். ஓடு கட்டினாலும் காயில் இழுக்கும் மின்சாரம் குறையாது, அதே சூட்டைத்தான் கொடுக்கும். ஆனால் அந்தச் சூடு ஓட்டைத் தாண்டி வெளியே வரத் திணறுவதால் காயில் தன்னையே சுட்டுக்கொள்கிறது. கடைசியில் வெடிக்கிறது. சட்டியில் கஞ்சி கொதிப்பதுபோல் கீசர் சத்தம் போட்டால் உள்ளே கல் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்.

அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் பையைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேள்: “இந்தக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர்?” போரா, ஒகேனக்கல் காவிரித் தண்ணீரா, இரண்டும் கலந்ததா? குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அளவு. போர் தண்ணீர் வீடு என்றால் கீசரை வருடம் ஒருமுறை திறந்து கழுவச் சொல். உள்ளே தொங்கும் மக்னீசியக் கம்பியையும் அப்போதே பார். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகிற கம்பி அது. கரைந்து ஒல்லியாகிவிட்டால் மாற்றிவிடு. காயிலில் இருக்கும் சுண்ணாம்பு ஓட்டை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்து எடு. கக்கூஸ் கழுவும் ஆசிட் வேண்டாம், அது தொட்டியின் உள்பூச்சையும் செம்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

தண்ணீர் சுட நேரமாகிறது என்று புகார் வந்தால் உடனே காயில்மேல் பழி போடாதே. 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற 2 கிலோவாட் காயிலுக்குப் பதினாறு நிமிடம் ஆகும். கையில் கடிகாரம் இருக்கிறதல்லவா, நின்று பார். அரைமணியைத் தொடுகிறது என்றால் மின்னழுத்தத்தை அளந்து பார். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் காயிலின் சக்தி ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கிவிடும், பதினாறு நிமிடம் இருபத்தாறாகிவிடும். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமத்து வீடுகளில் இது நடக்கும். அந்த வீட்டில் புதுக் காயில் விற்பது பாவம். இரண்டு குவளை ஊற்றியதும் வெந்நீர் தீர்ந்துபோகிறது என்றால் அது வேறு கோளாறு. தொட்டிக்குள் கல் இடத்தை அடைத்திருக்கும், அல்லது குளிர்ந்த நீரை ஒரு பக்கமாகக் கொண்டுவிடும் உள்குழாய் உடைந்து, குளிர்ந்ததும் சுட்டதும் கலந்துகொண்டிருக்கும்.

கீசர் பக்கத்து வால்விலிருந்து சொட்டுகிறது, அடைத்துவிடு என்று சிலர் கேட்பார்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும் அடைக்காதே. அந்த 15 லிட்டர் சூடேறும்போது ஏறக்குறைய 150 மில்லி விரிகிறது. வரும் வழியில் திரும்பாவால்வு இருந்தால் அதற்குப் போக்கிடம் அந்தச் சொட்டுதான். சூடேறும்போது மட்டும் சொட்டினால் சரியாக இருக்கிறது. நாள் முழுக்க ஒழுகினால் வால்வைப் பார், தண்ணீரின் அழுத்தத்தையும் பார்.

மாடி பாத்ரூமில் குழாய் நூலாக வருகிறது என்று கூப்பிட்டால் படியேறி டேங்க்கின் உயரத்தைப் பார். பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். ஷவருக்கு இரண்டு மீட்டர் மேலே டேங்க் இருந்தால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான். எத்தனை வாஷர் மாற்றினாலும் அது ஏறாது. நேற்றுவரை நன்றாக வந்து, டேங்க் காலியாகி நிரம்பிய பிறகு நின்றுபோனால் காற்று அடைத்திருக்கிறது. குழாய் எங்கேயோ ஒட்டகத்தின் திமில் மாதிரி மேலேறி இறங்கும், அங்கேதான் காற்று உட்கார்ந்திருக்கும். கீழே நன்றாக வரும் குழாயிலிருந்து ஹோஸ் மாட்டி எதிர்த் திசையில் தள்ளு, சடசடவென்று துப்பிவிட்டு ஓடும். மறுபடி வராதிருக்க டேங்க்கை ஒட்டி ஒரு காற்றுக்குழாய் நிறுத்து. குளிர் நாடுகளில் வீட்டுக்குள் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்களை வைத்து அறையைச் சூடாக்குவார்கள். அதன் மேல்பாதி சில்லென்று இருந்தால் காற்று, கீழ்ப்பாதி சில்லென்று இருந்தால் கசடு என்று அந்த ஊர்க்காரன் கண்டுபிடிக்கிறான். இடம் வேறு, காற்றின் குணம் ஒன்றுதான்.

வெற்றிடக் குழல் வைத்த சோலார் ஹீட்டர் என்றால் குழல்களின் அடிமுனையைப் பார். அங்கே வெள்ளியாகப் பளபளக்கும் பூச்சு வெள்ளைவெளேர் என்று மாறியிருந்தால் அந்தக் குழலின் வெற்றிடம் போய்விட்டது, மாற்று. கக்கூஸ் தொட்டி கசிகிறதா என்று அறிய, அதில் சொட்டு நீலம் விட்டு அரைமணி காத்திரு. ஃப்ளஷ் செய்யாமலே கீழே நீலம் தெரிந்தால் வாஷர்.

இனி எழுதப்போவதை இரண்டு முறை படி.

நம் பாறைத் தண்ணீரில் சுண்ணாம்பு மட்டுமல்ல, பல ஊர்களில் புளோரைடும் இருக்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் பல் பழுப்பேறும், இன்னும் அதிகமாக இருப்பதை வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் தொடங்கி 2013இல் தண்ணீர் விடப்பட்டது, நம் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் சேர்த்து. அந்தக் காவிரித் தண்ணீரை போர் தண்ணீரோடு ஒரே சம்ப்பில் விடச் சொல்லிக் கேட்பார்கள். ஒரு குழாய் மிச்சமாகும், ஒரு வால்வு மிச்சமாகும். செய்யாதே மாப்பிள்ளை. இவ்வளவு தூரம் ஏற்றிக் கொண்டுவந்த நல்ல தண்ணீரில் வீட்டு வாசலில் வைத்துப் புளோரைடைக் கலக்கிற வேலை அது. இரண்டு குழாயையும் நேராக இணைத்துவிட்டால், பொதுக்குழாயில் அழுத்தம் இறங்கும் நேரத்தில் போர் தண்ணீர் திரும்பி ஓடித் தெருவுக்கே போகும். சமையலறையில் காவிரித் தண்ணீருக்குத் தனிக் குழாய் வை, தனி நிறத்தில் பெயின்ட் அடி. “கொதிக்கவைத்துத்தானே குடிக்கிறோம்” என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும், புளோரைடு சாகாது. ஆவி போகப் போக மிச்சத் தண்ணீரில் அது கூடத்தான் செய்யும். இதைப் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிவிட்டு வா, கூலியில் அது சேராவிட்டாலும்.

பாலக்கோட்டில் கழற்றிய அந்தக் காயிலை ஓட்டோடு அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். உன் பையில் வைத்துக்கொள், வருடம் ஒருமுறை கழுவ வேண்டும் என்று சொல்லும்போது வீட்டுக்காரர்களிடம் எடுத்துக் காட்டலாம்.

அன்புடன்,
மாமா