பழைய காமிராவின் எண்களைப் படிப்போம்

ஒரு பொருளின் விலையைக் கேட்கத் தெரிந்த நமக்கு, அதன் அளவுக் குறிப்பைப் படிக்கத் தெரிவதில்லை. காமிரா வாங்குவோரிடம் இக்குறை மிகுதி. 'எத்தனை மெகாபிக்சல்?' என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். கைப்பேசியிலேயே 50 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யும் இந்நாளில், 6 மெகாபிக்சல் காமிரா என்றால் நகைப்போரும் உளர். ஆயினும் மாணவரின் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது, பிறர் பயன்படுத்தி விற்கும் பழைய காமிராவே. அதை வாங்கலாமா, கூடாதா என்பதை அதன் எண்களே சொல்லிவிடும். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கான் டி70 என்னும் டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் நான் பழகி வருகிறேன். அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வெண்களை விளக்க முயல்கிறேன்.

இவ்வகைக் காமிராவில் லென்சின் வழியே வரும் ஒளியை உள்ளிருக்கும் கண்ணாடி ஒன்று மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி விலக, ஒளி பின்னாலுள்ள ஒளியுணரித் தகட்டில் விழுந்து படமாகிறது.

படப்புள்ளிகள்: டி70 தரும் படத்தின் நீளத்தில் 3008 புள்ளிகள், அகலத்தில் 2000 புள்ளிகள். பெருக்கினால் ஏறத்தாழ 60 இலட்சம். நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பர். அப்படியானால் 10 அங்குல நீளமும் 6.7 அங்குல அகலமும் உள்ள படத்தைத் தெளிவாக அச்சிடலாம். ஆண்டு மலரின் பக்கத்திற்கு இது போதாதா?

தகட்டின் அளவு: இதன் தகடு 23.7 மி.மீ. நீளமும் 15.6 மி.மீ. அகலமும் உடையது. ஒரு புள்ளியின் பக்க அளவு ஏறத்தாழ 7.8 மைக்ரான். 2018இல் வந்த கூகுள் பிக்சல் 3 கைப்பேசியில் இது 1.4 மைக்ரான். பரப்பில் ஏறத்தாழ முப்பது மடங்கு வேறுபாடு! அகன்ற அண்டாவில் மழைநீர் கூடுதலாகச் சேர்வதுபோல், பெரிய புள்ளியில் ஒளி மிகுதியாகச் சேர்கிறது. எனினும் புதிய தகடுகள் விழுந்த ஒளியைச் சிறப்பாகப் பயன்படுத்துகின்றன. கைப்பேசியோ பல படங்களை இணைத்துக் குறையை மறைக்கிறது. எனவே பரப்பை மட்டும் கொண்டு தீர்ப்பு எழுதலாகாது.

ஒளியுணர்வு: ஐ.எஸ்.ஓ. 200 முதல் 1600 வரை. எண் இரட்டித்தால் பாதி ஒளியே போதும். ஆனால் எண் உயர உயரப் படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். 1600க்கு மேல் இக்கருவியில் வழியில்லை. பழைய காமிராவின் உண்மையான எல்லை மெகாபிக்சலில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

துளையும் நேரமும்: ஷட்டர் 30 வினாடி முதல் 1/8000 வினாடி வரை திறக்கும். லென்சின் துளை எண் சிறிதானால் துளை பெரிது. கல்லூரி நாடக மேடையைக் கருதுவோம். 1600இல் வைத்தும், துளை எண் 4.5 உள்ள லென்சுக்கு 1/20 வினாடி தேவைப்படுகிறது என்க. நடிகர் கையசைத்தால் படம் கலங்கிவிடும். துளை எண் 1.8 உள்ள 50 மி.மீ. லென்சைப் பொருத்தினால் 6.25 மடங்கு ஒளி வரும். 1/125 வினாடி போதும். கையசைவு பெரும்பாலும் உறைந்து நிற்கும். பலர் புதிய காமிரா தேடும் இடத்தில், தேவைப்படுவது வேறு லென்சே.

பொருத்துவாய்: 1959இல் நிக்கான் தொடங்கிய எஃப் பொருத்துவாயே இதிலும் உள்ளது. குவியம் திருப்பும் மோட்டார் டி70இன் உடலிலேயே இருப்பதால், மோட்டார் இல்லாத ஏ.எஃப். 50 மி.மீ. லென்சும் இதில் தானே குவியும். 2006இல் வந்த டி40இல் அம்மோட்டார் இல்லை. அதில் கையால்தான் திருப்ப வேண்டும். பின்னால் வந்தது எல்லாவற்றிலும் மேலானது என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது சான்று. ஆனால் 1977இல் ஏ.ஐ. முறை வருமுன் செய்யப்பட்ட லென்சுகளை மாற்றியமைக்காமல் இதில் பொருத்தக்கூடாது; கருவி பழுதாகலாம்.

இல்லாதவை: இதில் வீடியோ இல்லை. பின் திரையைப் பார்த்துப் படமெடுக்கவும் இயலாது. திரை 1.8 அங்குலமே, படம் தெளிவா என்பதைக் கணிப்பொறியில் பார்த்தே அறியலாம். நினைவட்டையும் காம்பாக்ட் ஃபிளாஷ் என்னும் பழைய வகை. அதைப் படிக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

நண்பர்களே! அளவுக் குறிப்பு மதிப்பெண் பட்டியலன்று. ஒரு கருவி எதுவரை செல்லும் என்று காட்டும் எல்லைக்கல். நாம் எடுக்கப்போவது என்ன, எவ்வளவு ஒளியில், எந்த அளவில் அச்சிட என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். பகலில் கோயில் சிற்பம் எடுப்பவருக்கு டி70 இன்றும் போதும். மங்கிய அரங்கில் வீடியோ வேண்டுபவருக்கு அது இலவசமாகக் கிடைத்தாலும் பயனில்லை. தேவையை அறிந்து எண்ணைப் படிப்பவர், விற்பவரின் சொல்லுக்கு மயங்க மாட்டார்.