வேலியில் போற ஓணானும் நம் கையும்

இந்த மாதப் பாடம் ஜீவகாருண்யம். உதாரணத்துக்குப் பசுவையோ யானையையோ எடுக்கப் போவதில்லை. யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஓணானை எடுக்கிறேன்.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்ட கதை"ன்னு பெரியவங்க சொல்வாங்க. வேட்டிக்காரர் பட்ட பாட்டைத்தான் அந்தப் பழமொழி பேசுது. ஓணான் பட்ட பாட்டை யாரும் கேட்கலை.

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பையன். இப்போ பொறியியல் படிக்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனா, லயத்துப் பிள்ளைங்க பிஸ்கட் டின்னில் எதையாவது பிடிச்சுக்கிட்டு வருவாங்க. "அண்ணே, காப்பாத்திட்டோம்!" என்பார்கள். அந்த ஆசை நல்ல ஆசைதான். ஆனால் காப்பாற்றுவது எது, கைப்பற்றுவது எது என்பதை நாம் பிரித்துப் பார்க்கணும்.

நம் அண்டை வீட்டார்

இந்த மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. தேயிலை நட்ட சரிவுகள் எல்லாம் அதற்கு முன் காடு. இன்றும் பிரிஞ்சாங் மலை உச்சியில், 2,000 மீட்டருக்கு மேல், பாசி படர்ந்த காடு இருக்கிறது. தித்திவாங்சா மலைத்தொடரில் வாழும் கொம்பு ஓணான் ஒன்றை விஞ்ஞானிகள் தனி இனமாகப் பெயரிட்டது 2009இல்தான். அதே ஆய்வில் பிந்தாங் மலைத்தொடரின் கொம்பு ஓணானும் வேறு இனம் என்று தெரிய வந்தது. மலைக்கு மலை இனம் மாறுகிறது. அதனால் ஒரு மலையில் பிடித்ததை இன்னொரு மலையில் விடக்கூடாது.

உடம்பே ஒரு வெப்பக் கணக்கு

நம் உடம்பு சூட்டைத் தானே உண்டாக்கும். ஓணானுக்குச் சூடு வெளியிலிருந்துதான் வரணும். காலைக் குளிரில் கிளையில் அசையாமல் இருந்தால் அதற்கு நோய் என்று அர்த்தமில்லை. வெயில் வந்ததும் ஓடிடும். அதை அப்படியே விட்டுவிடுவதுதான் உதவி.

இன்னொரு பக்கமும் இருக்கு. கேமரன் மலையில் பகல் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரியைத் தாண்டாது. இந்தக் குளிருக்குப் பழகிய ஓணானை ஈப்போவுக்குக் கொண்டு போனா, அங்கே 33 டிகிரி. அடைத்த காருக்குள் இன்னும் மோசம். மலை ஓணானை ஆசையாய் வாங்கி ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் அதைப் பட்டினி போடுவதில்லை. சூட்டிலேயே அது செத்துப் போகலாம்.

உண்மையிலேயே காயம் என்றால்

பூனை கடிச்சிருக்கும், புல்வெட்டும் இயந்திரம் பட்டிருக்கும், இல்லை தோட்டச் சாலையில் வண்டி மோதியிருக்கும். அப்போ செய்ய வேண்டியது:

1. மெல்லிய துணியைப் போட்டு, உடம்பு முழுவதையும் தாங்கி எடுங்கள். வாலைப் பிடிக்காதீங்க. பல்லியும் அரணையும் வாலை உதறிவிடும்.
2. காற்றுத் துளை உள்ள அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, அமைதியான இடத்தில் வையுங்கள். வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வேண்டாம்.
3. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீங்க. மூச்சுக்குழாயில் போய்விடும். ஓணான் இலையில் நிற்கும் துளிகளை நக்கித்தான் குடிக்கும். ஈர இலை ஒன்று போதும்.
4. பால், சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம்.
5. பூனை கடித்தது சின்னக் காயமாகத் தெரிந்தாலும் கிருமி உள்ளே போயிருக்கும். மருந்து கால்நடை மருத்துவர்தான் தரணும்.
6. பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறைக்கு உடனே சொல்லுங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உடும்பு போன்ற பாதுகாக்கப்பட்ட இனங்களை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.
7. சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

கூண்டு ஏன் சுலபமில்லை?

நாட்கணக்கில் வைத்துப் பார்க்கும் வேலை பயிற்சி பெற்றவர்களுடையது. காரணத்தைக் கேளுங்க. பகலில் நடமாடும் ஓணானுக்குப் புற ஊதாக் கதிர் வேணும். அது பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகி, சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிப் பெட்டியை வெயிலில் வைத்தால் கதிர் வராது, சூடு மட்டும் வரும். சில மாதங்களில் தாடை மென்மையாகும், கால் வளையும். உயிருள்ள பூச்சிதான் அதன் உணவு. பூச்சிமருந்து அடித்த தோட்டத்துப் பூச்சியைக் கொடுத்தால் அதுவே விஷம். ஏறி உட்கார உயரமான கிளையும், ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி என்ற ஏற்பாடும் வேணும். மரம் இதையெல்லாம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

குணமானால், பிடித்த அதே இடத்தில், பகல் நேரத்தில் விடணும். திரும்ப விடும் எண்ணம் இருந்தால்தான் அது காப்பாற்றுதல்.

அடைக்கலம்

காஞ்சிபுரம் அருகே திருமாகறல், திருஞானசம்பந்தர் பாடிய தலம். சோழ மன்னன் ஒரு பொன் உடும்பைத் துரத்த, அது புற்றுக்குள் ஒளிந்ததாம். அங்கே சிவலிங்கம் வெளிப்பட்டது என்கிறது தலபுராணம். அந்த இறைவனுக்கு உடும்பீசர் என்று பெயர், அடைக்கலங்காத்தநாதர் என்றும் பெயர். துரத்தப்பட்ட ஊர்வனவின் பக்கம் இறைவன் நின்ற கதை இது. சைவ சித்தாந்தம் எல்லா உயிரையும் "பசு" என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கிறது. ஓணானும் அதில் அடக்கம்.

உடும்புக்கு அன்று அடைக்கலமாக இருந்தது அதன் சொந்தப் புற்று. பொற்கூண்டு இல்லை.

வகுப்பில் பேச

1. உங்கள் வீட்டில் யாராவது காட்டு உயிரை வளர்த்தார்களா? அதற்கு என்ன ஆனது?
2. கொம்பு ஓணானை விலைக்கு வாங்கி, "நான் காப்பாத்தினேன்" என்று ஒரு நண்பர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? அந்தக் காசு அடுத்த ஓணானை என்ன செய்யும்?
3. இந்த வாரம் ஒரு ஓணானைத் தொடாமல் பத்து நிமிடம் பாருங்கள். கண்டதை அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.