மனைபுகுந்த பூனை

அழையா விருந்தாய் ஒரு பூனை வீட்டினுள் நுழைவதும், இரங்கிய ஒருவர் அதற்குச் சிறிது பாற்சோறு இடுவதும், பத்து நாளில் அது நாற்காலி மெத்தையைக் கிழித்ததென்று வீட்டார் சினப்பதும், பின்னர் அதனைச் சாக்கிற் கட்டி ஆற்றுக்கு அப்பாலோ மீன்கடைத் தெருவிலோ விட்டு வருவதும் நம் ஊர்களிற் பெருவழக்கு. மாணவர் விடுதிகளும் இதற்கு விலக்கல்ல. இவ்வழக்கம் தகுமா என்பதையும், தகாதெனின் வேறு யாது செய்யலாம் என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் பூனையின் குலத்தை அறிதல் வேண்டும். வீட்டுப்பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையே என்பது 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. சைப்பிரசுத் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றன் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்த செய்தி 2004-இல் வெளியாயிற்று. மனிதன் தானியம் சேர்த்தான். தானியத்தை எலி நாடிற்று. எலியைப் பூனை நாடிற்று என்பர் அறிஞர். ஆகவே நாம் பூனையைப் பிடித்துப் பழக்கினோம் என்பதினும், அது தன் பிழைப்பு நோக்கி நம்மிடம் வந்தது என்பதே பொருந்தும். (தொல்காப்பியர் மரபியலில் வெருகையும் எலியையும் ஒருங்கே நிறுத்தி, இரண்டின் இளமைக்கும் குட்டி என்னும் ஒரே பெயரை உரிமையாக்கினார். இலக்கணத்திலேனும் அவை பகையின்றி இருக்கின்றன!) நாயோ கூட்டமாய் வாழும் ஓநாயின் வழிவந்தது, பூனை தனித்து வேட்டையாடும் குலத்தது. நாய்க்குரிய கட்டுப்பாட்டைப் பூனையிடம் எதிர்பார்த்து, அது கிடையாதபோது அதனை நன்றி கெட்டதென்று ஏசுவது நம்மிற் பலர்க்கு இயல்பாகிவிட்டது.

இனி, அது செய்யும் அழிவுகளுள் முதன்மையானது கீறுதல். பூனை ஏன் கீறுகின்றது? நகத்தின் மேலுறை பழையதானவுடன் அதனைக் கழற்றிவிட வேண்டியிருக்கின்றது. உறங்கி எழுந்தவுடன் தோளையும் முதுகையும் நீட்டி முறுக்கவும் ஒரு பற்றுக்கோடு வேண்டும். இவற்றினும் முக்கியமாக, அதன் பாதங்களில் மணச்சுரப்பிகள் உள்ளன. கீறிய இடத்தில் அம்மணம் படிந்து, "இவ்விடம் என்னுடையது" என்று ஏனைய பூனைகட்கு அறிவிக்கின்றது. ஆதலின் கீறாதே என்று பூனையைத் தடுப்பது, கொட்டாவி விடாதே என்று மனிதனைத் தடுப்பது போலாம். எங்கே கீறுவது என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க இயலும்.

அதற்கு வழி எளிது. இரண்டு முழ உயரமுள்ள உறுதியான கட்டையொன்றில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கிச் சுற்றி, அசையாத அடிப்பலகையில் நிறுத்துக. ஆடும் கட்டையைப் பூனை ஒருமுறை தொட்டபின் மறுமுறை நாடாது. கட்டையை எங்கோ ஒரு மூலையில் வைப்பாரே பலர், அது பயனற்றது. எந்த நாற்காலி கீறப்படுகின்றதோ அதன் அருகிலேயே வைத்து, நாற்காலியைக் கெட்டித் துணியால் சில வாரம் மூடிவைத்தல் வேண்டும். கட்டையைக் கீறும்போது சிறு மீன்துண்டு கொடுப்பின் பழக்கம் விரைவில் ஊன்றும். தரையைக் கீறும் பூனைக்குப் பழைய தேங்காய்நார் மிதியடியே போதும். நகநுனியை இரண்டு வாரத்திற்கொருமுறை நறுக்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாய்த் தோன்றும் உயிர்ப்பகுதியைத் தொடலாகாது. மேனாடுகளிற் சிலர் நகத்தையே அறுவையால் நீக்குவர். அது நகம் வெட்டுவதன்று. ஒவ்வொரு விரலின் இறுதி எலும்பையும் வெட்டி எறிவது. நியூயார்க் மாநிலம் இதனை 2019-இல் சட்டத்தால் தடுத்தது. ஒரு மெத்தைக்காக விரல்களைத் துணிக்கும் செயலைக் கொடுமை என்பதன்றி வேறென்னென்பது?

அடித்தலும், சிறுநீர் கழித்த இடத்தில் மூக்கைத் தேய்த்தலும் நம் இல்லங்களில் உள்ள தண்டனைகள். பூனை அவ்வலியைத் தன் செயலோடு இணைத்துப் பாராது, அடித்தவரோடு இணைத்துக்கொள்ளும். விளைவு யாதெனின், அவர் இல்லாத நேரம் பார்த்துக் கீறும், அவ்வளவே.

கடுவன் பூனை சுவரில் சிறுநீர் பீச்சுவது எல்லை குறிப்பதற்காம். விதையடித்தபின் பெரும்பாலானவற்றில் இப்பழக்கம் ஒழிகின்றது. நன்கு பழகிய பூனை திடீரெனக் கண்ட இடத்தில் கழித்தால் நோயை ஐயுறுக. சிறப்பாகக் கடுவன் முக்கி முக்கியும் சிறுநீர் வாராதிருப்பின் மருத்துவரிடம் அன்றே கொண்டு செல்லல் வேண்டும். தாமதித்தால் உயிர் போகும். மணற்பெட்டி உணவிடத்திற்கு அப்பால், தூய்மையாய் இருத்தல் வேண்டும். கழித்த இடத்தைப் பினாயிலால் கழுவுவோர் கவனிக்க: அவற்றுட் சில வகைகளிலுள்ள பீனால் பூனைக்கு நஞ்சு. அதன் கல்லீரல் இத்தகைய பொருள்களை எளிதில் மாற்றி வெளியேற்ற வல்லதன்று. காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையும் இக்காரணத்தாலேயே அதனைக் கொல்லும்.

அடுக்களைத் திருட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உறி கட்டிய நம் முன்னோர் பூனையைத் திருத்த முயன்றிலர். பாலை உயர்த்தி வைத்தனர். அந்தியிலும் விடியலிலும் வேட்டைக்கெழுவது அதன் இயல்பாதலின், இரவில் படுக்குமுன் கயிற்றை இழுத்துச் சிறிது ஓடவிட்டுப் பின்னர் உணவிட்டால் உறங்கும். வளர்ந்த பூனைகளிற் பலவற்றிற்குப் பால் செரியாது என்பதும் நினைக்கத்தக்கது. டாரின் என்னும் சத்து இல்லையேல் பூனையின் கண் கெடும் என்பது 1975-இல் அறியப்பட்டது. அது இறைச்சியிலும் மீனிலும் உண்டு, சோற்றில் இல்லை.

நிற்க. சாக்கிற் கட்டி விடும் வழக்கத்திற்கு வருவோம். பசியால் வருந்துமாறு விலங்கைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அறியாத தெருவில் விடப்பட்ட குட்டி நாய்க்கோ வண்டிக்கோ இரையாவதை யாவரும் கண்டிருப்பர். அன்றியும் இதனால் பயனுமில்லை; எச்சிலும் எலியும் உள்ளவரை, காலியான இடத்திற்கு வேறொரு பூனை வந்தே தீரும். விடுதி அடுக்களையின் பின்புறம் குப்பைத்தொட்டி மூடியின்றிக் கிடக்க, பூனைகளை எண்ணி வருந்துவதாற் பயனென்னை?

வந்த பூனை பிறர் வளர்ப்பதா என்று அயலாரை முதலில் வினவுக. ஒருவருமில்லையெனின், தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உணவிட்டுப் பழக்குக. கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்க. வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று. பழகியபின் கூட்டில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் செய்விக்க வேண்டும். பெட்டை ஆறு மாதத்திற்குள்ளேயே கருவுறக்கூடும். ஒன்பது வாரத்தில் ஈனும். ஆண்டிற் பலமுறை ஈனவும் வல்லது. ஆதலின் அடுத்த விடுமுறையிற் பார்ப்போம் என்று தள்ளிவைத்தால், விடுமுறைக்குள் குட்டிகள் வந்துவிடும். அறுவை முடிந்த தெருப்பூனையின் காது நுனியைச் சிறிது நறுக்கி அடையாளமிடுவர். அவ்வடையாளம் உள்ளதனை மீண்டும் பிடித்து அலைக்கழிக்க வேண்டியதில்லை.