கடைப் பெயரில் மெயில்: போகவில்லை, வரவில்லை என்றால் என்ன செய்வது?

"மெயில் அனுப்பிட்டேன் அண்ணாச்சி." "இங்க ஒண்ணும் வரலையேப்பா."

சாத்தான்குளம் பஜாரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முதலூர் மஸ்கோத் அல்வாவோ, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடி கருப்பட்டியோ, வெளியூருக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் கடையின் சொந்தப் பெயரில் மெயில் முகவரி வைத்துக்கொள்வது நல்லது. பில்லில் அந்த முகவரியைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு ஒரு நம்பிக்கை வரும். ஆனால் பெயர் சொந்தம் என்றால் பொறுப்பும் சொந்தம். மெயில் காரணமில்லாமல் காணாமல் போவதில்லை. எங்கே நின்றது என்று பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆள் வைத்துச் செய்தாலும் கீழே உள்ளவற்றைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1. டொமைன், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் கடைப் பெயர், யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் தன் கணக்கிலேயே டொமைனை வாங்கி வைத்திருப்பது சர்வ சாதாரணம். அவர் வேலை கிடைத்து வெளியூர் போவார், புதுப்பிக்க மறப்பார், ஒரு நாள் காலையில் மெயில் மொத்தமாக நின்றுவிடும். நிலம் வாங்கினால் பட்டா மாற்றுவதைப் போல டொமைனையும் உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கான மாற்றுக் குறியீட்டை அவரிடம் கேட்டு வாங்குங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். முக்கியமான ஒன்று: டொமைன் கணக்கில் தொடர்பு முகவரியாக அதே டொமைனின் மெயிலைக் கொடுக்கக் கூடாது. டொமைன் முடங்கினால், அதை மீட்க வரும் பாஸ்வேர்டு மெயிலும் உங்களுக்கு வந்து சேராது.

பெரிய கம்பெனிக்கே இந்தச் சங்கடம் வந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 24 அன்று, மோசடி மெயில் பற்றிய புகார்களைக் காரணம் காட்டி, மெயில் சேவை தரும் ஜோஹோ நிறுவனத்தின் டொமைனைப் பதிவு செய்து தந்த அமெரிக்க நிறுவனம் அதை முடக்கிவிட்டது. ஜோஹோவின் சர்வர்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் பெயர் போய்விட்டதால் பலரால் அவற்றை எட்ட முடியவில்லை. அதன் அப்போதைய தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக முறையிட வேண்டியதாயிற்று. முடக்கம் நீங்கிய பிறகும் எல்லா ஊரிலும் சரியாவதற்கு நேரம் பிடித்தது. சர்வரைக் காப்பதைவிடப் பெயரைக் காப்பது பெரிது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

2. கடைக்குள் சர்வர் வேண்டாம். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற மெயில் சாஃப்ட்வேர் இரண்டையும் ஏற்றினால் மெயில் சர்வர் தயார். படிக்கிற பிள்ளைகள் கற்றுக்கொள்ள அருமையான வழி, வியாபாரத்துக்கு ஆகாது. கடை பிராட்பேண்டில் ஐ.பி. எண் மாறிக்கொண்டே இருக்கும். சர்வருக்குச் சர்வர் மெயில் போகும் 25ஆம் எண் போர்ட்டைப் பல இணைய கம்பெனிகள் அடைத்தே வைத்திருக்கின்றன. அந்த ஐ.பி. எண்களை ஸ்பாம்ஹாஸ் போன்ற தடுப்புப் பட்டியல்கள் முன்கூட்டியே குறித்து வைத்திருப்பதால், மெயில் வெளியே போனாலும் எதிர்முனை வாங்காது. ஜோஹோ, கூகுள், மைக்ரோசாஃப்ட் என்று ஏதாவது ஒன்றில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் இருந்து நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் கம்பெனி ஜோஹோ.

3. "பாதி மெயில் வருது, பாதி வரலை" என்றால் டொமைனின் டி.என்.எஸ். அமைப்பில் எம்.எக்ஸ். பதிவைப் பாருங்கள். உங்கள் டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்வது அதுதான். புது கம்பெனிக்கு மாறும்போது பழைய பதிவை அழிக்காமல் விட்டால், சில மெயில் பழைய பெட்டியில் போய் விழும். எண் சிறியதாக இருக்கும் பதிவுக்கே முதல் உரிமை. மாற்றுவதற்கு ஒரு நாள் முன்னதாக டி.டி.எல். அளவை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 நொடிக்குக் குறைத்து வைத்தால் மாற்றம் சீக்கிரம் பரவும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வெளியார் அனுப்பும் மெயிலெல்லாம் வருகிறது. உங்கள் வெப்சைட்டில் இருக்கும் ஆர்டர் படிவத்தை நிரப்பினால் மட்டும் வரவில்லை. காரணம், வெப்சைட் இருக்கும் சர்வர், 'இந்த டொமைனின் மெயில் என்னிடமே இருக்கிறது' என்று நினைத்துத் தனக்குள்ளேயே போட்டுக்கொள்கிறது. வெப்சைட் சர்வரை நிர்வகிக்கும் சி-பேனலில் 'ஈமெயில் ரவுட்டிங்' என்ற இடத்தில் 'லோக்கல்' என்று இருப்பதை 'ரிமோட்' என்று மாற்றினால் சரியாகிவிடும். பழைய பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். இத்தனை நாள் வந்த ஆர்டர்கள் அங்கேதான் கிடக்கும்.

4. மூன்று அடையாளப் பதிவுகளையும் போட்டுவிடுங்கள். எஸ்.பி.எஃப். என்பது உங்கள் பெயரில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல். டி.கே.ஐ.எம். ஒவ்வொரு மெயிலிலும் விழும் கையெழுத்து. இந்த இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று எதிர்முனைக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் இதில் கெடுபிடி காட்டுகின்றன. ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். குறைவாக அனுப்புகிறவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். 

எஸ்.பி.எஃப். வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். பில்லிங் சாஃப்ட்வேர்காரர் வந்து இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. இருப்பதற்குள்ளேயே சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பத்து டி.என்.எஸ். தேடலுக்கு மேல் போனாலும் செல்லாது. டி.கே.ஐ.எம். சாவி நீளமானது, காப்பி செய்யும்போது கடைசி நாலு எழுத்து விட்டுப்போவது வழக்கம். டிமார்க்கை முதலில் 'நன்' (ஒன்றும் செய்ய வேண்டாம்) என்று போட்டு, வரும் அறிக்கைகளைப் பார்த்த பிறகு கடுமையாக்குங்கள். எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' போட்டால் உங்கள் பில்களே திருப்பி அனுப்பப்படும்.

எல்லாம் சரியா என்று பார்க்க எளிய வழி: உங்கள் ஜிமெயில் ஒன்றுக்கு நீங்களே அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' கொடுங்கள். மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும்.

5. திரும்பி வந்த மெயிலை அழிக்காதீர்கள். 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் நீளமாக வருவதைப் பார்த்ததும் பலர் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுகிறார்கள். நோய்க்கான சீட்டே அதுதான். அதில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சர்வர் தானே மறுபடி முயலும். முன்பின் தெரியாத சர்வரிலிருந்து வரும் மெயிலை 451 சொல்லிக் காக்க வைத்துப் பார்ப்பது சில இடங்களில் வழக்கம். 5இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. 550, பக்கத்தில் 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. முகவரியைத் தட்டும்போது ஓர் எழுத்து இடம் மாறியிருக்கும், அல்லது விட்டுப்போயிருக்கும். 5.2.2 என்றால் வாடிக்கையாளரின் பெட்டி நிரம்பிவிட்டது, போன் செய்து சொல்லுங்கள். 5.7 என்று தொடங்கும் எண்கள் பெரும்பாலும் 4ஆம் குறிப்பில் சொன்ன அடையாளக் கோளாறு, அல்லது தடுப்புப் பட்டியல். நீங்கள் அனுப்பாத மெயில்களே திரும்பி வந்து குவிந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

6. வெள்ளம், மின்தடை நேரத்தில் பதற வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்திலும் மெயில் வீணாகாது. வாங்க வேண்டிய சர்வர் அணைந்திருந்தால் அனுப்பிய சர்வர் வரிசையில் வைத்து, பொதுவாக நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். போஸ்ட்ஃபிக்ஸில் இந்தக் கெடு ஐந்து நாள். உங்கள் மெயில் ஜோஹோ, கூகுள் போன்ற இடத்தில் இருந்தால் இந்தக் கவலையும் இல்லை. அங்கே வந்து சேர்ந்திருக்கும், சிக்னல் கிடைத்ததும் படிக்கலாம். ஈரமான கம்ப்யூட்டரை அவசரப்பட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள்.

7. கடைக் கம்ப்யூட்டரில் திடீரென்று 'சர்டிஃபிகேட் சரியில்லை' என்று வந்தால், முதலில் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் தீர்ந்தது.

8. போனில் மெயில் வைக்கும்போது ஐமேப் முறையைத் தேர்ந்தெடுங்கள். போர்ட் எண் வாங்க 993, அனுப்ப 465 அல்லது 587. பழைய பாப் முறையில் ஒரு கருவி எடுத்ததும் சர்வரில் அழிந்துவிடும்படி வைத்திருந்தால், அப்பா போனில் வந்த ஆர்டர் மகன் கம்ப்யூட்டரில் இருக்காது.

9. ஜிமெயிலில் 25 எம்.பி. வரை இணைக்கலாம் என்றாலும், போகும் வழியில் ஃபைல் மூன்றில் ஒரு பங்கு ஊதிப் பெருக்கும். 18 எம்.பி.க்கு மேல் என்றால் லிங்க்காக அனுப்புங்கள்.

10. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை மெயிலில் ஒட்டினால் மறுமுனையில் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டுங்கள்.

11. கிறிஸ்துமஸ், பொங்கல் வாழ்த்தை எல்லா வாடிக்கையாளருக்கும் பில் அனுப்பும் அதே முகவரியிலிருந்து மொத்தமாகத் தட்டிவிடாதீர்கள். சிலர் 'ஸ்பேம்' என்று அழுத்தினால் அந்தக் கெட்ட பெயர் உங்கள் பில்லுக்கும் ஒட்டும். அதற்கென்று தனி துணை டொமைன், 'இனி வேண்டாம்' என்று சொல்ல ஒரு பொத்தான், இரண்டும் வேண்டும்.

12. மாதம் ஒரு தடவை மெயில் அமைப்பில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். கடவுச்சொல் கிடைத்த திருடன் உடனே ஒன்றும் செய்வதில்லை. 'பில்', 'பேமென்ட்' என்ற சொல் வரும் மெயிலுக்கெல்லாம் தனக்கும் ஒரு நகல் வரும்படி வைத்துவிட்டுக் காத்திருப்பான். பெரிய தொகை வரும் நேரத்தில், 'எங்கள் பேங்க் கணக்கு மாறியிருக்கிறது' என்று உங்கள் முகவரியிலிருந்தே வாடிக்கையாளருக்கு எழுதுவான். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த ஃபார்வர்டிங் அங்கேயேதான் இருக்கும், தனியாக அழிக்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். கணக்கு எண் மாற்றம் என்று மெயிலில் எது வந்தாலும், ஏற்கெனவே தெரிந்த போன் நம்பரில் பேசி உறுதி செய்த பிறகே பணம் போடும்படி இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், பேங்க் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள்.