சர்க்கரை நோயும் இரத்தத் தட்டுகளும்

டெங்கு சமயத்தில் "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்று எல்லோரும் கேட்பார்களே, அதுதான் நம் பாடத்தில் வரும் இரத்தத் தட்டு. டெங்குவில் எண்ணிக்கை குறையும். சர்க்கரை நோயில் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், குணம்தான் மாறிப்போகும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் தட்டுகள் உண்டு. உட்கரு கிடையாது. ஆயுள் 8 முதல் 10 நாள். குழாய் கிழிந்தால் ஓடிவந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டையை அடைக்கும். கிழியாத இடத்தில் ஒட்டக் கூடாது, அதுதான் முக்கியம். அதற்காகக் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் என்ற இரண்டைச் சுரந்து தட்டுகளை அடக்கி வைக்கிறது. (இரத்த ஓட்டத்தில் நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டுபிடித்ததற்கு 1998-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு!) இன்சுலினும் அடக்கும்.

சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் உள்சுவர் கெட்டு, நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் குறைகின்றன. தட்டின் மேலுள்ள புரதங்களில் சர்க்கரை ஒட்டி, அதன் சவ்வு விறைத்துப்போகிறது. இன்சுலின் சொல்லும் எடுபடாது. அப்புறம் லேசாகத் தூண்டினாலே தட்டுகள் கட்டிக்கொள்ளும். இதயக் குழாயில் கட்டினால் மாரடைப்பு, மூளையில் கட்டினால் பக்கவாதம்.

"அப்படின்னா புண்ணு சீக்கிரம் ஆறணுமேடா?" என்று என் நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. இரத்தம் நிற்பது வேறு, புண் ஆறுவது வேறு. ஆறுவதற்கு ஆக்சிஜனும் வெள்ளணுவும் அங்கே போய்ச் சேரணும். காலுக்குப் போகும் குழாயே சுருங்கிவிட்டால் எப்படிப் போகும்? நரம்பும் மரத்துப்போவதால் முள் குத்தினதுகூட தெரியாது. பாதத்தை விரல் இடுக்கு வரைக்கும் தினமும் பார்க்கச் சொல்வது இதனால்தான். தாத்தா பாட்டிக்குக் குனிய முடியாது, நாமதான் பார்க்கணும்.

தட்டுகளை அடக்க ஆஸ்பிரின் இருக்கே என்று தோன்றும். பிரிட்டனில் இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்து, 2018-ல் முடிவைச் சொன்னார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்தன. ஆனால் பெரிய இரத்தக்கசிவு 3.2-லிருந்து 4.1 ஆகக் கூடியது. லாபத்தை நஷ்டம் தின்றுவிட்டது! அதனால் மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்குக் கணக்கே வேற. அவங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தா, அதைத் தானா நிறுத்தவும் கூடாது.